நின்ற இடத்தில் நெடும் பயணம்

சென்ற மாதம் ஒரு சிநேகிதியின் புது வீட்டுக்குப் போயிருந்தேன். கூடம், சமையலறை, பூஜை அலமாரி எல்லாவற்றையும் காட்டிவிட்டு, கடைசியில் பால்கனிப் பக்கம் அழைத்துப் போனாள். அங்கே பளபளவென்று இரண்டு கைப்பிடிகள். அவற்றின் மேல் ஒரு போர்வை, மூன்று துண்டுகள், குழந்தையின் பள்ளிக்கூடச் சட்டை எல்லாம் காய்ந்துகொண்டிருந்தன.

"துணி உலர்த்த வெகு வசதியாக இருக்கிறதே! இந்த ஸ்டாண்டு என்ன விலை?" என்று கேட்டேன்.

"48,000 ரூபாய்" என்றாள் அவள், முகத்தைக் கொஞ்சமும் மாற்றிக்கொள்ளாமல்.

போர்வையை விலக்கிப் பார்த்தேன். டிரெட்மில்!

விழுந்து விழுந்து சிரித்தேன். ஆனால் சிரிக்கிற யோக்கியதை எனக்குக் கிடையாது. எங்கள் வீட்டிலும் ஒரு டிரெட்மில் இருக்கிறது. இரண்டு கோடை காலம் அதன் ஓடு பட்டையின் மேல் வெள்ளை வேஷ்டியை விரித்து ஜவ்வரிசி வடாம் உலர்த்தியிருக்கிறோம். சமமான இடம், காற்றோட்டமான ஜன்னல். வடாமும் நன்றாகவே வந்தது.

வாங்குகிற அன்றைக்கு இருக்கிற உற்சாகம் எங்கே போய்விடுகிறது? "சோம்பேறித்தனம்" என்று ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொல்லிவிடுவது சுலபம். ஆனால் விடியற்காலை எழுந்து, நாலு பேருக்கு டிபன் கட்டி, பஸ் பிடித்து ஆபீஸ் போய், திரும்பி வந்து மறுபடி அடுப்பங்கரையில் நுழைகிற ஸ்திரீகளைப் பார்த்து அந்த வார்த்தையைச் சொல்ல எனக்கு நா எழவில்லை. காரணம் வேறு. அந்த யந்திரத்தின் மேல் ஏறிப் பத்து நிமிஷம் ஆகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தால், மூன்று நிமிஷம் 40 விநாடி என்று காட்டும். எதிரே சுவர். சுவரில் ஒரு பல்லி. பல்லிக்கும் போக இடமிருக்கிறது, நமக்கு இல்லை!

சலிப்பு, நேயர்களே, சலிப்பு! இந்த யந்திரத்துக்கும் சலிப்புக்கும் உள்ள உறவு நேற்று இன்று ஏற்பட்டதல்ல. இதன் பூர்வோத்தரத்தை விசாரித்துப் பார்த்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

1818-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வில்லியம் க்யூபிட் என்ற என்ஜினீயர், சிறைக் கைதிகளுக்கென்று ஒரு சக்கரத்தை உருவாக்கினார். நீளமான ஓர் உருளை. அதைச் சுற்றிலும் படிகளைப்போல் பலகைகள். கைதி ஒரு பலகையில் காலை வைத்தால் அது கீழே இறங்கும். உடனே அடுத்த பலகையில் ஏறியாக வேண்டும். மணிக்கணக்கில் ஏறிக்கொண்டே இருப்பான். ஆனால் ஓர் அங்குலம்கூட உயர மாட்டான். லண்டனில் பிரிக்ஸ்டன் சிறையில் 1821-ல் வைத்த சக்கரம் தானியமாவது அரைத்தது. வேறு பல சிறைகளில் எதையுமே அரைக்கவில்லை. காற்றை அரைத்தார்கள்! பக்கத்தில் நிற்பவனோடு பேசிவிடக் கூடாது என்பதற்காக நடுநடுவே தடுப்புகள் வேறு வைத்தார்கள். 1895-ல் சிறைப்பட்ட எழுத்தாளர் ஆஸ்கார் வைல்டுகூட இந்தச் சக்கரத்தில் ஏறி இறங்கியவர்தான். 1898-ல் சட்டம் கொண்டுவந்துதான் இங்கிலாந்தில் இதற்கு முடிவு கட்டினார்கள்.

அமெரிக்காவிலும் கொஞ்ச காலம் இது நடந்தது. நியூயார்க் சிறையில் வேலை பார்த்த ஜேம்ஸ் ஹார்டி என்பவர் 1824-ல் இதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். கைதிகள் இந்தச் சக்கரத்தைக் கண்டு நடுங்குவது உடம்பு வலிக்காக அல்ல, மாறுதலே இல்லாமல் ஒரே மாதிரி போய்க்கொண்டிருக்கிறதே, அதற்காகத்தான் என்பது அவருடைய அபிப்பிராயம்.

பார்த்தீர்களா? கைதிகளுக்குத் தண்டனையாக இருந்ததை நாம் மாதத் தவணையில் வாங்கி வீட்டில் வைத்துக்கொண்டு, "ஏன் மனசு ஒட்டவில்லை?" என்று ஆச்சரியப்படுகிறோம்.

அப்புறம் எத்தனையோ மாறிவிட்டது. டாக்டர்கள் இதயத்தைப் பரிசோதிக்க மோட்டார் வைத்த டிரெட்மில்லை உபயோகித்தார்கள். 1968-ல் கென்னத் கூப்பர் என்ற அமெரிக்க விமானப்படை டாக்டர், இதயத்துக்கும் மூச்சுக்கும் ஏற்ற பயிற்சிகளைப் பற்றி 'ஏரோபிக்ஸ்' என்று ஒரு புத்தகம் எழுதினார். அதைப் படித்த வில்லியம் ஸ்டாப் என்ற நியூஜெர்ஸி என்ஜினீயருக்கு, சாதாரணக் குடும்பங்களும் வாங்கக்கூடிய ஒரு யந்திரம் செய்தால் என்ன என்று தோன்றியது. செய்தார். வீட்டுக்கு வீடு அது வந்தது. அவர் 96 வயது வரை இருந்து 2012-ல்தான் காலமானார். ஆக, யந்திரத்தின் பேரில் குற்றமில்லை. ஏறுகிறவர்களுக்குத்தான் ஒரு துணை வேண்டும்.

அந்த ரகசியம் கப்பல்காரர்களுக்கு முன்னாலேயே தெரிந்திருந்தது. 1912-ல் மூழ்கிய டைட்டானிக் கப்பலில் தேகப்பயிற்சிக்கென்று ஓர் அறை இருந்தது. அதில் நின்ற இடத்திலேயே மிதிக்கிற இரண்டு சைக்கிள்கள். எதிரே பெரிய கடிகாரம்போல் ஒரு முகப்பு. அதில் சிவப்பு முள் ஒன்று, நீல முள் ஒன்று. மிதிக்க மிதிக்க முள் நகரும். பக்கத்தில் இருக்கிறவரின் முள் நம்மை முந்திப் போகிறதைப் பார்த்துக்கொண்டு யாரால் சும்மா இருக்க முடியும்?

* * *

இந்த ஆராய்ச்சியெல்லாம் நான் பொழுதுபோகாமல் செய்ததல்ல. என் அம்மாவுக்காகச் செய்தது.

அம்மாவுக்கு 66 வயது. சர்க்கரை வியாதி வந்து பதினான்கு வருஷமாகிறது. 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் கணக்குப்படி, நம் நாட்டில் இந்த வியாதிக்காரர்கள் 10 கோடிக்கு மேல். அந்தப் பெரிய ஜனக் கூட்டத்தில் என் அம்மாவும் ஒருத்தி. ஆனால் வெகுகாலம் அதை அவள் கட்டுக்குள் வைத்திருந்தாள். மாத்திரை பாதி, நடை பாதி. சாயங்காலம் ஐந்தரை மணிக்கு அப்பாவும் அம்மாவும் மயிலாப்பூர் நாகேஸ்வரராவ் பூங்காவுக்குக் கிளம்பினால், ஆறரைக்குத்தான் திரும்பி வருவார்கள். அப்பா இரண்டடி முன்னால், அம்மா இரண்டடி பின்னால். வழி நெடுகப் பேச்சு. பேச்சு என்றால் அம்மா பேசுவாள். அப்பா "ஊம்" கொட்டுவார்.

2022-ல் அப்பா போய்விட்டார். அம்மா எங்களோடு வந்துவிட்டாள். பூங்காவுக்கு மட்டும் வர மாட்டேன் என்றாள். "அந்தப் பெஞ்சைப் பார்க்க முடியாதுடி" என்று ஒரே தடவை சொன்னாள். அதற்கப்புறம் நான் கேட்கவில்லை. எங்கள் தெருவில் நடக்கலாமென்றால், நடைபாதை பள்ளமும் மேடுமாக இருக்கிறது, நாய்கள் வேறு. ஒரு வருஷத்துக்குள், மூன்று மாதச் சராசரியைக் காட்டுகிற ரத்தப் பரிசோதனையில் 9.1 என்று வந்துவிட்டது. டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, "கால் விரல்கள் மரத்துப் போகிறதா?" என்று கேட்டார். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். மரத்துப் போயிருந்தது, என்னிடம் சொல்லவில்லை.

அன்றைக்குத்தான் வடாம் வேஷ்டியைச் சுருட்டி எடுத்தேன்.

உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்ன கணக்கு, வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிஷம் மிதமான உழைப்பு. வாரம் ஐந்து நாள், நாளைக்கு அரை மணி. டாக்டரும் அதையே எழுதிக் கொடுத்தார். அம்மா முதல் நாள் ஏழு நிமிஷம் நடந்தாள். இரண்டாம் நாள் ஐந்து. மூன்றாம் நாள் முழங்கால் வலி. நாலாம் நாள் ஏகாதசி.

முதலில் டெலிவிஷனை நம்பினேன். சாயங்கால ஸீரியல் அரை மணி. நடையும் அரை மணி. கணக்கு எத்தனை பொருத்தம்! ஆனால் எங்கள் வீட்டு டெலிவிஷன் பக்கத்துச் சுவரில் இருக்கிறது. அம்மா கழுத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தாள். எந்தப் பக்கம் பார்க்கிறோமோ அந்தப் பக்கம் கால் இழுக்கும். இது யந்திரத்தில் ஏறியவர்களுக்குத் தெரியும். மாமியார் மருமகள் கன்னத்தில் அறைகிற கட்டம். அம்மா "ஐயோ!" என்று நின்றேவிட்டாள். அவள் நின்றாள், பட்டை நிற்குமா? கைப்பிடியை எட்டிப் பிடித்ததால் பிழைத்தாள்.

இந்த இடத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பாகவே பேசப் போகிறேன். பார்ப்பதற்கென்று எதை வைத்தாலும் நேர் எதிரே, கண் மட்டத்தில் வையுங்கள். செல்போனைக் கீழே வைத்துக்கொண்டு குனிந்து பார்த்தால் கழுத்து வலிதான் மிச்சம். புடவையோடு ஏறுவதென்றால் முந்தானையை இழுத்துச் செருகிக்கொள்ளுங்கள்; கொசுவம் தரையைத் தொடக் கூடாது. துப்பட்டா வேண்டவே வேண்டாம். இஸடோரா டங்கன் என்ற பிரசித்தி பெற்ற நாட்டியக்காரி 1927-ல் பிரான்ஸில் நீஸ் நகரத்தில் உயிரை விட்டது, கழுத்தில் போட்டிருந்த நீண்ட துணி மோட்டார் காரின் சக்கரத்தில் சிக்கிக்கொண்டதால்தான். சுற்றுகிற எதன் பக்கத்திலும் தொங்குகிற துணி ஆகாது. யந்திரத்தோடு நூலில் கட்டி ஒரு சிவப்புக் கிளிப் கொடுப்பார்கள். அதைப் புடவையிலோ சட்டையிலோ மாட்டிக்கொண்டால், நாம் பின்னுக்குப் போனதும் நூல் இழுத்துக்கொண்டு யந்திரம் நின்றுவிடும். நூற்றுக்குத் தொண்ணூறு பேர் அதை மாட்டுவதில்லை என்று பந்தயம் கட்டுவேன். இறங்கினதும் அந்தச் சாவியைக் கழற்றி, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். பிளக்கையும் பிடுங்குங்கள். ஓடுகிற பட்டையில் குழந்தைகள் கை வைத்து விபரீதமாகியிருக்கிறது.

வயதானவர்களுக்கும், முழங்கால் தகராறு உள்ளவர்களுக்கும் உட்கார்ந்து மிதிக்கிற சைக்கிளே மேல் என்பது என் கட்சி. சத்தமும் குறைவு, கீழ் வீட்டு மாமி படியேறி வந்து சண்டை போட மாட்டாள். சைக்கிளில் புத்தகம்கூடப் படிக்கலாம். டிரெட்மில்லில் எழுத்து குதிக்கும். ஆனால் எங்கள் வீட்டில் இருப்பது டிரெட்மில். 48,000 இல்லை, 35,000 என்றாலும் காசு காசுதானே! மெதுவான வேகத்தில் நடந்தால் போதும் என்று டாக்டரும் சொல்லிவிட்டார்.

டெலிவிஷன் போச்சு. அடுத்தது பாட்டு.

பாட்டுக்கு நல்ல சாட்சியம் இருக்கிறது. 1911-ல் லியனார்ட் அய்ர்ஸ் என்ற அமெரிக்கர், நியூயார்க்கில் ஆறு நாள் இடைவிடாமல் நடந்த சைக்கிள் பந்தயத்துக்குப் போய்க் கணக்கெடுத்தார். பாண்டு வாத்தியம் வாசித்தபோது ஓட்டக்காரர்களின் வேகம் மணிக்கு ஏறக்குறைய 19½ மைல். வாத்தியம் நின்றபோது 18 மைலுக்கும் கீழே. அவர்கள் காலில் புதிதாக ரத்தம் ஒன்றும் ஊறிவிடவில்லை. காதுக்கு வேலை கிடைத்தது, அவ்வளவுதான். பின்னால் வந்த ஆராய்ச்சிக்காரர்களும் இதைத்தான் சொல்கிறார்கள். மிதமாக உழைக்கும்போது பாட்டு அலுப்பை மறக்க வைக்கும். மூச்சு வாங்க ஓடும்போது மட்டும் உடம்பின் கூக்குரல் பாட்டை அமுக்கிவிடும்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. மிதமான நடை என்பது நிமிஷத்துக்குச் சுமார் 100 அடி. பாட்டின் தாளமும் 100 முதல் 120-க்குள் இருந்தால் கால் தானாகவே சேர்ந்துகொள்ளும். கண்டுபிடிப்பது சுலபம்: பாட்டைப் போட்டுவிட்டு, விரலால் தாளம் தட்டி 15 விநாடிக்கு எத்தனை என்று எண்ணுங்கள், நாலால் பெருக்குங்கள். அம்மாவுக்குப் பிடித்த பழைய பாட்டுகளெல்லாம் 70-க்கு மேல் வரவில்லை. பாட்டு ஊஞ்சலாடிற்று, அம்மாவும் அதோடு ஊஞ்சலாடினாள். சரியென்று, கொஞ்சம் துரிதமான பழைய சினிமாப் பாட்டுகளாகத் தேடிப் பிடித்து வரிசையாகப் போட்டேன். இரண்டு நாள் நன்றாகப் போயிற்று. மூன்றாம் நாள் ஆறாவது பாட்டு ஆரம்பித்ததும் அம்மா யந்திரத்தை நிறுத்திவிட்டு இறங்கி, உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். அது அப்பா சவரம் செய்துகொள்ளும்போது முணுமுணுக்கிற பாட்டு. எனக்கு ஞாபகம் இல்லை.

"சஹஸ்ரநாமம் சொல்லிக்கொண்டு நடங்களேன், ஒரு தடவை முடிய அரை மணி ஆகும்" என்று என் கணவர் யோசனை சொன்னார். உண்மையில் இது வெகு நல்ல யோசனை. நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம் என்று டாக்டர்கள் சொல்வார்கள். நாமம் தடுக்கினால் வேகத்தைக் குறைக்க வேண்டியதுதான். ஆனால் அம்மாவுக்குச் சம்மதமில்லை. "பெருமாளைப் போய் ஸ்டாப்வாட்ச் ஆக்கச் சொல்கிறீர்களே, மாப்பிள்ளை!" என்றாள்.

அந்தச் சமயத்தில், தெரிந்த நாலைந்து வீடுகளிலும் விசாரித்துப் பார்த்தேன். ஒரு பாங்கி உத்தியோகஸ்தி, பதவி உயர்வுப் பரீட்சைக்கு வேண்டிய பாடங்களைத் தன் குரலிலேயே பதிவு செய்து வைத்துக்கொண்டு சைக்கிள் மிதிக்கிறாள். இரண்டிலும் தேறிவிட்டாள். ஒரு பெண்மணி சமையல் வீடியோக்கள் பார்த்துக்கொண்டே நடக்கிறார், இறங்கினதும் நேரே அடுப்பங்கரைக்குப் போய்விடுகிறார், பலன் பூஜ்யம். இன்னொரு வீட்டு எஜமானர் இரவு ஒன்பது மணி அரசியல் விவாதத்தைப் போட்டுக்கொண்டு நடந்தாராம். ரத்த அழுத்தம் ஏறிப்போய், இப்போது கிரிக்கெட் பார்க்கிறார். பந்து வீசும்போது மெள்ள, ஓவர் மாறும்போது வேகமாக. எல்லாரும் சொன்ன ஒரு சின்ன உபாயம் எனக்குப் பிடித்திருந்தது: யந்திரத்தின் கடிகாரத்தை ஒரு துண்டைப் போட்டு மூடிவிடுவது. பாலைப் பார்த்துக்கொண்டே நின்றால் பொங்குமோ?

திருச்சிச் சித்தி ஒரு வாரம் தினமும் ஆறு மணிக்குப் போன் பண்ணினாள். அம்மா இருபது நிமிஷம் நடந்தாள்! நான் வெற்றி முரசு கொட்ட இருந்தேன். எட்டாம் நாள் பேச்சு எப்படியோ பாட்டியின் கெம்புத் தோடு விஷயத்துக்குப் போய்விட்டது. அதோடு போன் நின்றது, நடையும் நின்றது. ஆனாலும் எனக்கு ஒன்று விளங்கிவிட்டது. அம்மாவுக்கு வேண்டியிருந்தது வேடிக்கை அல்ல. இரண்டடி முன்னால் போகிற ஓர் ஆள்.

* * *

அப்போதுதான் பென்ஸில்வேனியா சர்வகலாசாலையில் செய்த ஒரு பரிசோதனையைப் பற்றிப் படித்தேன். காத்தரீன் மில்க்மன் என்ற அம்மையாரும் அவருடைய சகாக்களும் 2014-ல் வெளியிட்டது. 226 பேரை மூன்று கோஷ்டிகளாகப் பிரித்தார்கள். முதல் கோஷ்டிக்கு, கீழே வைக்க முடியாத விறுவிறுப்பான நாவல்களைக் காதால் கேட்கும்படி பதிவு செய்து கொடுத்தார்கள். ஆனால் அந்தக் கருவியைப் பயிற்சிக்கூடத்திலேயே பூட்டி வைத்துவிட்டார்கள்! கதை வேண்டுமா, வா, வந்து உடம்பை அசை. இரண்டாவது கோஷ்டியிடம் கதையைக் கொடுத்துவிட்டு, "பயிற்சி செய்யும்போது மட்டும் கேளுங்கள்" என்று புத்திமதி சொன்னார்கள். மூன்றாவது கோஷ்டிக்கு ஒரு பரிசுச் சீட்டு மட்டும். ஆரம்பத்தில் மூன்றாவது கோஷ்டியைவிட முதல் கோஷ்டி 51 சதவிகிதம் அதிகமாகப் பயிற்சிக்கு வந்தது. இரண்டாவது 29 சதவிகிதம். பரிசோதனை முடிந்தபின், "எங்கள் கதையை இப்படியே பூட்டி வையுங்கள், பணம் வேண்டுமானாலும் தருகிறோம்" என்று சொன்னவர்கள் நூற்றுக்கு 61 பேர்!

இதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. கதையைப் பூட்டி வைத்து ஜனங்களை வரவழைக்கிற வித்தையை நமக்கா சொல்லித்தர வேண்டும்? வாரப் பத்திரிகைக்காரர்கள் வேறென்ன செய்கிறார்கள்? 1950 முதல் 1954 வரை 'பொன்னியின் செல்வன்' தொடராக வந்தபோது, தமிழ்நாட்டில் எத்தனை வீடுகளில் பத்திரிகைக்காரப் பையனின் சைக்கிள் மணிக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார்கள்!

அம்மாவின் டிரங்குப் பெட்டியில் அந்தக் காலத்துப் பைண்டுப் புத்தகங்கள் இருக்கின்றன. என் பாட்டி வாராவாரம் தொடர்கதைப் பக்கங்களைக் கத்தரித்துச் சேர்த்து, முடிந்ததும் காலிகோ அட்டை போட்டுப் பைண்டு செய்து வைத்தவை. அவற்றில் மூன்றை எடுத்தேன். அலமாரிக்குள் வைத்துப் பூட்டிச் சாவியை என் இடுப்பில் செருகிக்கொண்டேன். "நீ அதில் ஏறினால்தான் நான் படிப்பேன். இறங்கினால் நிறுத்திவிடுவேன்" என்று அம்மாவிடம் சொன்னேன்.

"நான் அறியாத கதையா?" என்றாள் அம்மா. ஆனாலும் ஏறினாள்.

அந்தக் காலத்துத் தொடர்கதையின் ஓர் அத்தியாயத்தை உரக்கப் படித்தால், நிதானமாக இருபது நிமிஷம் ஆகிறது. ஆரம்பத்தில் ஐந்து நிமிஷம் மெள்ள நடந்து கால் சூடேற, கடைசியில் ஐந்து நிமிஷம் மெள்ளக் குறைத்து இறங்க. மொத்தம் அரை மணி. யாரோ அளவெடுத்துத் தைத்தது மாதிரி! கடைசி ஐந்து நிமிஷம் அத்தியாயத்தின் முடிவைப் பற்றி விவாதம். இருட்டில் கதவைத் தட்டியது யார்? கடிதத்தை மாற்றி வைத்தது அந்த அத்தைதானா? அம்மாவுக்கு ஐம்பது வருஷத்துக்கு முன் படித்தது பாதி மறந்துவிட்டது. மறதியிலும் சௌகரியம் உண்டு.

இந்தப் பைண்டுகளில் இன்னொரு ஸ்வாரஸ்யம். கதைப் பக்கத்தின் பின்புறத்தில் வேறு ஏதாவது இருக்கும். கூந்தல் தைல விளம்பரம், ஒரு துணுக்கு, பாதி முறுக்குக் குறிப்பு. மற்றப் பாதி எந்தக் கத்தரிக்கோலுக்குப் பலியாயிற்றோ! அதையும் படிக்கச் சொல்வாள் அம்மா. முறுக்கின் மீதிப் பாதியை நடந்துகொண்டே அவளே சொல்லி முடித்தாள். "வெண்ணெய் காற்படி என்று போட்டிருப்பான். அத்தனை வேண்டாம், எண்ணெயில் பிரிந்து போய்விடும்."

செல்போனில் இந்தக் கதைகளெல்லாம் குரல் வடிவத்தில் கிடைக்கின்றன. அதைப் போட்டால் ஆகாதா என்று கேட்பீர்கள். ஆகும். பேஷாக ஆகும், தனியாக இருக்கிறவர்களுக்கு அதைவிட நல்ல துணை கிடையாது. ஒரு காதில் மட்டும் இயர்போன் வைத்துக்கொள்ளுங்கள். குக்கர் விசிலும் வாசல் மணியும் மற்றக் காதுக்கு. ஆனால் என் அம்மா நாலு நிமிஷம் கேட்டுவிட்டு, "இவன் ராஜாவையும் வேலைக்காரனையும் ஒரே குரலில் பேச வைக்கிறான்" என்று சொல்லிவிட்டாள். எனக்கு உள்ளூரச் சந்தோஷம். நான் வேலைக்காரனுக்குத் தனிக் குரல் வைத்திருக்கிறேன்.

ஒரு நாள் ஆபீஸிலிருந்து சீக்கிரம் வந்தேன். அலமாரி திறந்திருந்தது. ஜன்னலோரம் ஈஸிசேரில் அம்மா. கையும் புத்தகமுமாகப் பிடிபட்டுவிட்டாள். வீட்டில் இன்னொரு சாவி இருக்கிற விஷயம் எனக்குத்தான் தெரியாது. "இரண்டு பக்கந்தாண்டி" என்றாள், சின்னப் பெண் மாதிரி. அப்பா போனபின் அம்மாவின் முகத்தில் அந்தக் கள்ளச் சிரிப்பை நான் அன்றுதான் மறுபடி பார்த்தேன். திட்ட வாய் வரவில்லை. மறுநாள் முதல் புத்தகத்தை என் ஆபீஸ் பையிலேயே எடுத்துக்கொண்டு போகிறேன்.

எல்லாம் ஒரே வெற்றியாகப் போய்விடவில்லை. மதுரையில் ஒரு கல்யாணம்; அப்புறம் எனக்கு ஜுரம்; அப்புறம் பையனுக்குப் பரீட்சை. மூன்று வாரம் விட்டுப்போயிற்று. பென்ஸில்வேனியாவிலும் இதே கதைதான். நவம்பர் மாத விடுமுறைக்குப் பயிற்சிக்கூடத்தை மூடினார்கள். திரும்பி வந்தபோது பழக்கம் கரைந்து போயிருந்தது. எங்கள் யந்திரத்தின் கைப்பிடியில் மறுபடி ஒரு துண்டு வந்து உட்கார்ந்தது. மறுநாள் ஒரு பாவாடை. அம்மாவிடம் மறுபடி "அரை மணி" என்று ஆரம்பித்திருந்தால் அவள் ஏறியிருக்க மாட்டாள். "பத்தே நிமிஷம், பாதி அத்தியாயம்" என்றேன். பாதி அத்தியாயத்தில் கதாநாயகி கிணற்றடியில் நிற்கிறாள். அதை அப்படியே விட்டுவிட்டு யாரால் தூங்க முடியும்? ஒரு வாரத்தில் பழைய அரை மணிக்கு வந்துவிட்டோம்.

சென்ற மாதம் ரத்தப் பரிசோதனையில் 7.8. டாக்டர் நடுவில் ஒரு மாத்திரையையும் மாற்றியிருக்கிறார். ஆகவே மாத்திரைக்கு எத்தனை மார்க், தொடர்கதைக்கு எத்தனை மார்க் என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. "இரண்டையும் நிறுத்தாதீர்கள்" என்றார் அவர். கால் விரல் மரப்பு இன்னும் இருக்கிறது. வெறுங்காலோடு ஏறக் கூடாதென்று மெத்தென்ற ஜோடு வாங்கிக் கொடுத்திருக்கிறேன். தினமும் இறங்கினதும் பாதத்தைத் திருப்பிப் பார்த்துக்கொள்கிறாள்.

இப்போது மூன்றாவது பைண்டில் இருக்கிறோம். சென்ற செவ்வாய்க்கிழமை அத்தியாயம் 41 முடிந்தது. பக்கத்தைப் புரட்டினால் பின்னட்டை! கடைசி இரண்டு அத்தியாயங்களைக் கரையான் தின்றதோ, யாராவது இரவல் வாங்கிக்கொண்டு போனார்களோ, தெரியவில்லை. நான் பழைய புத்தகக் கடைகளில் தேடினேன், நூலகத்தில் கேட்டேன், கிடைக்கவில்லை.

"உனக்கு முடிவு ஞாபகம் இருக்கிறதா, அம்மா?" என்று கேட்டேன்.

"எல்லாம் இருக்கிறது" என்றாள். யந்திரத்திலிருந்து இறங்கி, துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். "நாலு மாதமாக எனக்குப் படித்துப் படித்து உனக்கும் இடுப்பில் ஒரு சுற்றுப் பெருத்துவிட்டது. அதில் ஏறு, சொல்கிறேன்."